முதல்ல எங்கட பில்லக் குடுங்க, பிறகு முதலீட்டாளரத் தேடுவம்

திறைசேரிக்கும், பெருந்தெருக்களுக்குப் பொறுப்பான அமைச்சுக்கும், பி.பி.பி. எண்ட அரச-தனியார் கூட்டுத் திட்ட ஃபைல்கள மேசையில வெச்சிருக்கிற ஆக்களுக்கும்,

வணக்கம். நான் கொழும்பில ஒரு நடுத்தரக் கட்டுமானக் கொம்பனியில கியூ.எஸ்.ஸா, அதாவது அளவுக் கணக்குப் பாக்கிற குவான்டிட்டி சேர்வேயரா இருக்கிறன். டெண்டருக்கு விலை போடுறது, வேல முடிய அளந்து பில் எழுதுறது, எழுதின பில்லுக்குப் பின்னால ஒபிஸ் ஒபிஸா அலையிறது, இதுதான் என்ட தொழில். இந்த மூண்டாவதுதான் இப்ப மெயின் வேலையா ஆகிட்டுது. பேர் போடேல்ல, ஏனெண்டா நாளைக்கும் உங்கட வாசலுக்குத்தான் வரவேணும், அது உங்களுக்கும் தெரியும்.

காலிமுகத்திடல் பக்கத்து ஹோட்டல்கள்ல அடிக்கடி முதலீட்டு மாநாடு எண்டு ஒண்டு நடக்குது. கோட் சூட், ப்ரசென்டேஷன், நடுவில நல்ல பஃபே. ரோட்டில காசு போடுங்க, துறைமுகத்தில போடுங்க, கரண்டில போடுங்க எண்டு வெளிநாட்டு ஆக்களக் கூப்பிடுறீங்க. கூப்பிடுங்க, பிழையே இல்ல, அரசாங்கத்திட்ட காசு இல்ல எண்டுறது எல்லாருக்கும் விளங்கின விசயம். 2022 ஏப்ரல் 12ம் திகதி வெளிநாட்டுக் கடனக் கட்ட ஏலாது எண்டு அறிவிச்ச நாடு, 2024ல வந்த பொது நிதி முகாமைத்துவச் சட்டத்தில வட்டி தவிர்ந்த செலவுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில 13 வீதம் எண்டு மூடியும் போட்டாச்சு, அப்ப தனியார் காசு இல்லாம பெரிய வேலையள் நடக்காதுதான். ஆனா வாற முதலீட்டாளர் முதல்ல உங்கட ப்ரோஷரப் பாக்கிறதில்ல. ஏற்கெனவே இங்க வேல செய்றவன அரசாங்கம் எப்பிடி நடத்துது, போட்ட கையெழுத்துக்கு எத்தின வருசம் ஆயுசு எண்டுதான் லோயர வெச்சு விசாரிக்கிறான். அந்த விசாரணையில என்ன பதில் கிடைக்குது எண்டு சொல்லத்தான் இந்த மடல்.

எங்கட பில்லுல இருந்தே தொடங்குறன். ஒரு ரோட்டு வேல எண்டு வையுங்க. மாதம் மாதம் செய்த வேலைய அளந்து ஐ.பி.சி. எண்ட இடைக்கால பில் போடுவம், கன்சல்டன்ட் பாப்பார், வெட்டுறத வெட்டுவார், சேர்ட்டிஃபை பண்ணுவார், அது திணைக்களத்துக்குப் போகும், எக்கவுண்ட்சுக்குப் போகும், அங்க இருந்து வாற பதில் எப்பவும் ஒண்டுதான், "இம்ப்ரெஸ்ட் வரேல்ல", அதாவது திறைசேரியில இருந்து காசு வரேல்ல. ஃபிடிக் எண்ட சர்வதேச மாதிரி ஒப்பந்தத்தில 56 நாளுக்குள்ள காசு குடுக்க வேணும் எண்டு இருக்கு, பிந்தினா வட்டி எண்டும் இருக்கு. அந்த வட்டிய ஒருத்தரும் கேக்கிறதில்ல. கேட்டா அடுத்த டெண்டர்ல பேர் வராது எண்டு முதலாளிமாருக்குப் பயம். அந்தப் பயம் நியாயமோ இல்லையோ, பயந்துகொண்டு இருக்கிற கொன்ட்ராக்டர் வேற ஒண்டு செய்றார், அடுத்த தடவ விலை போடேக்க உங்கட பிந்துற காசுக்குரிய வட்டிய முதலே ரேட்டுக்குள்ள ஒளிச்சு வைக்கிறார். அந்தக் கணக்க உக்காந்து போடுறது நான்தான். ஒரு கியூப் கொங்கிரீட்டுக்குச் சீமெந்து, மணல், கருங்கல் மெட்டல், கம்பி, பலகை, ஆள் கூலி எல்லாம் போட்டாப் பிறகு, அரசாங்க வேல எண்டா மேல இன்னும் கொஞ்சம் வைக்கிறம், தனியார் வேல எண்டா அவ்வளவு வைக்கிறதில்ல. பி.ஓ.கியூ. எண்ட வேலை அளவு-விலைப் பட்டியல்ல அதுக்கு ஒரு ஐட்டம் நம்பர் கிடையாது. நீங்க கட்டுற ஒவ்வொரு மதகிலயும் ஒவ்வொரு பள்ளிக்கூடக் கட்டடத்திலயும் அது இருக்கு.

2022ல நடந்தத ஞாபகப்படுத்துறன். டொலர் 200 ரூபாயில இருந்து சில கிழமைக்குள்ள 360 வரைக்கும் ஏறிச்சு. மத்திய வங்கி ஏப்ரல் மாசம் ஒரே அடியில வட்டிய 7 புள்ளி ஏத்திச்சு, துணைநில் கடன் வீதம் 14.5 ஆகி, ஜூலையில 15.5 ஆகி, 2023 மார்ச்சில 16.5. அது மத்திய வங்கி பேங்குகளுக்குக் கடன் குடுக்கிற வட்டி, எங்கள மாதிரி கொம்பனிக்கு ஓவர்டிராஃப்ட் எண்டு வரேக்க 25 வீதத்தத் தாண்டிப் போச்சு. சீமெந்து 2021 நடுப்பகுதியில ஆயிரம் ரூபா சொச்சத்துக்குக் கட்டுப்பாட்டு விலையில இருந்த 50 கிலோ பேக், அடுத்த வருசம் மூவாயிரத்தத் தொட்டுது. விலை ஏறினா ஈடு செய்ய கட்டுமானத் துறை அதிகார சபையின்ட சி.ஐ.டி.ஏ. ஃபோமுலா இருக்குதானே எண்டு நீங்க கேப்பீங்க. இருக்கு, நல்ல ஃபோமுலாதான், சாதாரண காலத்துக்கு. சந்தை ஓடின ஓட்டத்துக்கு அதுல போடுற விலைச் சுட்டி, இன்டெக்ஸ், ஓடேல்ல, ஓடின அளவுக்குக் கணக்குப் போட்டுக் குடுத்தாலும் அந்தக் காசும் அதே இம்ப்ரெஸ்ட் க்யூவிலதான் நிக்குது. எனக்குத் தெரிஞ்ச ஒரு சின்னக் கொன்ட்ராக்டர், மாகாண மட்டத்தில ஒரு அரச நிறுவனத்துக்குக் கட்டடம் கட்டினவர், பேர் வேண்டாம், வேல முடிச்சுச் சாவியும் குடுத்திட்டு பில் காசு வரும்வரைக்கும் சமாளிக்க மிக்சர் மெஷினையும் ஒரு டிப்பரையும் வித்தார். பில் வந்துது, டிப்பர் வரேல்ல. அவர் இப்ப கட்டார்ல ஒரு கொம்பனிக்கு ஃபோமனா இருக்கிறார். 2022ல மட்டும் மூண்டு லட்சத்துக்கு மேல ஆக்கள் வேலைக்கு வெளிநாடு போனாங்க எண்டு நீங்களே கணக்குச் சொல்றீங்க, அதுக்குள்ள எத்தின மேசன், எத்தின வெல்டர், எத்தின பார் பெண்டர் எண்டு சைட்டுக்கு வந்து பாத்தாத் தெரியும். டைல்ஸ் ஒட்டுற பாஸ் ஒருத்தரப் பிடிக்க இப்ப முகூர்த்தம் பாக்க வேண்டியிருக்கு.

இனி மணல். இது சின்ன விசயம் மாதிரித் தெரியும், ஆனா நாட்டுல எல்லாக் கொங்கிரீட்டும் இதுலதான் தொடங்குது. 2019 கடைசியில அப்ப இருந்த அரசாங்கம் மணல் ஏத்துற பெமிட் இனி தேவையில்ல எண்டு ஒரே நாள்ல எடுத்துது. சனம் கைதட்டிச்சு, பொலிசுக்கு லஞ்சம் குடுக்கத் தேவையில்ல எண்டு டிப்பர் ஓட்டுற பொடியன்மாருக்குச் சந்தோஷம். பிறகு என்ன நடந்தது, ஆத்துப் படுக்கை எல்லாம் இரவோட இரவா அள்ளுப்பட்டுப் போகுது எண்டு எல்லாப் பக்கமும் சத்தம், வழக்கு, திரும்பப் பெமிட். ஒரு பொருளுக்கு நாளைக்கு என்ன சட்டம் எண்டு தெரியாட்டி அந்தப் பொருளுக்கு நியாயமான விலை எண்டு ஒண்டு வராது. நாங்க டெண்டர் போடுற அண்டைக்கு ஒரு விலை, அவார்ட் ஆகுற அண்டைக்கு ஒரு விலை, சைட்டில மணல் கொட்டுற அண்டைக்கு இன்னொரு விலை.

பெமிட்டே வேண்டாம் எண்டு சொல்றவங்களோட நான் இல்ல. களனி ஆத்தில வருசக்கணக்கா மணல் அள்ளி ஆத்தின்ட அடி தாழ்ந்து போச்சு, மழை இல்லாத மாசங்கள்ல கடல் தண்ணி உள்ளுக்கு ஏறி வருது, அம்பத்தளையில கொழும்புக்குக் குடிதண்ணி எடுக்கிற இடத்துக்கு உப்பு வராம இருக்க ஆத்துக்குக் குறுக்க தடுப்புப் போட வேண்டி வந்துது. எங்கட வீட்டுக் கொங்கிரீட்டுக்கு அள்ளின மணலுக்கு எங்கட குடிதண்ணியால விலை குடுக்கிறம். வடக்கில கிளாலி, நாகர்கோவில் பக்கம் சனம் மணல் லொறிய மறிச்சுக்கொண்டு நிக்கிறதுக்கும் அடியில இதே கதைதான். மாற்று இல்லாம இல்ல. முத்துராஜவெலயில கடல் மணல் கழுவி விக்கிறாங்க, கல்லு உடைக்கிற இடத்துத் தூள, க்வாரி டஸ்ட்ட, ஒழுங்காக் கழுவி சலிச்சா எம் சாண்ட் எண்ட செயற்கை மணல் ஆகுது. ஆனா கடல் மணல் எண்டா எங்கட ஆக்களுக்கு இன்னும் பயம், உப்புக் கம்பியத் திண்டிடும் எண்டு. கழுவாத மணல் எண்டா அந்தப் பயம் சரி. கழுவி, குளோரைட் அளவு பாத்து, ரிப்போர்ட்டோட வாற மணலுக்கு அந்தப் பயம் தேவையில்ல. போர்ட் சிட்டி எண்டு 269 ஹெக்டயர் நிலத்தையே நீர்கொழும்புப் பக்கத்துக் கடல்ல இருந்து மணல் உறிஞ்சித்தான் உண்டாக்கினாங்க, மீன்பிடிக்கிற சனம் எவ்வளவு கத்தியும். அவ்வளவு மணல ஒரு ப்ரொஜெக்டுக்கு எடுக்க ஏலுமெண்டா, நாட்டுக்குத் தேவையான கட்டட மணலுக்கு ஒரு ஒழுங்கான திட்டம் ஏன் ஏலாது? அரசாங்க வேலையள்ல இத்தின வீதம் ஆத்து மணல் அல்லாததாத்தான் இருக்க வேணும் எண்டு ஸ்பெசிஃபிகேஷன்ல ஒரு வரி எழுதினாப் போதும், அடுத்த வருசமே எம் சாண்ட் மெஷினில காசு போட உள்ளூர் ஆக்கள் வருவாங்க. இதுவும் தனியார் முதலீடுதான், ஆனா இதுக்கு ஒரு மாநாட்டிலயும் ஸ்லைட் போட்டு நான் பாக்கேல்ல.

சீமெந்தப் பத்திச் சுருக்கமாச் சொல்றன். சுண்ணக்கல்லச் சுட்டு க்ளிங்கர் எண்ட கட்டி எடுத்து, அத அரைச்சுச் சீமெந்தாக்கிறது வரைக்கும் முழுசாச் செய்ற ஃபெக்டரி இங்க இருக்கிறது புத்தளத்தில ஒண்டுதான், அருவக்காட்டுக் கல்லு. மத்தவங்க க்ளிங்கர இறக்கி அரைக்கிறாங்க, இல்லாட்டி சீமெந்தாவே கப்பல்ல கொண்டுவந்து பேக் போடுறாங்க. அதனால டொலர் தும்மினா சீமெந்துக்குக் காய்ச்சல். காங்கேசன்துறையில 1950ல தொடங்கி 1990ல சண்டையோட மூடின ஃபெக்டரிய ஒவ்வொரு அரசாங்கமும் வந்து ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போகுது. அந்த இடத்தில திரும்பக் கல்லு வெட்டினா யாழ்ப்பாணத்து நிலத்தடித் தண்ணிக்கு என்ன ஆகும் எண்ட கேள்வி பெரிய கேள்வி, அதக் கேக்காமத் திறக்கச் சொல்லி நான் சொல்லமாட்டன். ஆனா ஏலும், ஏலாது எண்டு ரெண்டுல ஒண்டச் சொல்லி முடியுங்க, முப்பத்தஞ்சு வருசம் போதும்.

இப்ப பெரிய வேலையளுக்கு வாறன். மத்திய அதிவேக நெடுஞ்சாலையப் பாருங்க. மீரிகமையில இருந்து குருநாகல் வரைக்கும் உள்ள ரெண்டாம் பகுதி 2022 ஜனவரியில திறந்தாச்சு, அத எங்கட உள்ளூர்க் கொன்ட்ராக்டர்மார் உள்ளூர் பேங்க் காசில கட்டினாங்க, அதுல எங்களுக்குப் பெருமைதான். ஆனா கடவத்தையில இருந்து மீரிகமைக்கு வாற முதலாம் பகுதி, 37 கிலோமீட்டர், சீன எக்ஸிம் பேங்க் கடன், 2022ல நிண்டு போச்சு. கொழும்பில இருந்து போறவன் பழைய ரோட்டில நெரிசல்ல நசிஞ்சு மீரிகமைக்குப் போய் அங்க ஏறிக் குருநாகல்ல இறங்க வேணும். நடுத்துண்டு இருக்கு, தலையும் இல்ல, கண்டிப் பக்கம் வாலும் இல்ல. கடவத்தைப் பக்கம் மேல ஒண்டும் இல்லாமத் தூண் மட்டும் வருசக்கணக்கா நிண்டுது. 2025 செப்டம்பர்ல திரும்ப வேலை தொடங்கினது நல்ல விசயம். ஆனா நிண்ட காலத்துக்கு யார் காசு குடுக்கிறது? நிப்பாட்டின சைட்டத் திரும்பத் தொடங்குறது புதுசாத் தொடங்குறதவிட வில்லங்கம், துருப்பிடிச்ச கம்பிய டெஸ்ட் பண்ண வேணும், மண் அணை இறங்கியிருக்கும், மெஷின் போயிருக்கும், ஆள் போயிருக்கும், க்ளெய்ம் எண்டு ஒரு ஃபைல் தடிப்பா வரும். நெடுஞ்சாலை எண்டு ஒரு விலையச் சனத்துக்குச் சொல்றீங்க, நிப்பாட்டினதுக்குரிய விலைய ஒருக்காலும் சொல்றதில்ல. கட்டுநாயக்காவில புது டெர்மினலும் அப்பிடித்தான், 2020 கடைசியில தொடங்கின வேல கடன் கட்ட ஏலாமப் போனதோட நடுவில நிண்டது.

இதெல்லாம் காசு இல்லாம நிண்டது, கொஞ்சம் மன்னிக்கலாம். காசு இருந்தும் நிப்பாட்டினத என்ன சொல்றது? மாலபேயில இருந்து கோட்டைக்கு எல்.ஆர்.டி. எண்ட இலகு ரயில், 15.7 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன். 2019 மார்ச்சில ஜெய்க்கா எண்ட யப்பான் உதவி நிறுவனத்தோட கடன் ஒப்பந்தம், வட்டி 0.1 வீதம், 40 வருசத்தில கட்டினாப் போதும், முதல் 12 வருசம் முதலக் கேக்கவே மாட்டாங்க. 2020 செப்டம்பர்ல அப்பத்த சனாதிபதி செயலகத்தில இருந்து ஒரு கடிதம், இது செலவுக்கு ஏத்த திட்டம் இல்லயாம், நிப்பாட்டுங்க எண்டு. யப்பான்காரனிட்ட முதல்ல கதைச்சுப் பாத்தமா எண்டா இல்ல. ரெண்டு வருசத்துக்குள்ள நாங்க அதவிடப் பல மடங்கு வட்டிக்குக் காசு தேடி அலைஞ்சது வேற கதை. பின்னேரம் அஞ்சு மணிக்கு ராஜகிரியவில பஸ்ஸுக்குள்ள நிக்கிற ஒவ்வொரு ஆளும் அந்தக் கடிதத்தின்ட விலையக் கட்டிக்கொண்டிருக்கிறார், அதுக்கு டிக்கெட்டும் எடுக்கிறார்.

கொழும்புத் துறைமுகம் இன்னும் விசேஷம். கிழக்கு முனையத்த இந்தியாவோடயும் யப்பானோடயும் சேர்ந்து செய்யப்போறம் எண்டு 2019 மே மாசம் ஒத்துழைப்பு உடன்படிக்கை. அதுல 51 வீதம் துறைமுக அதிகார சபைக்கு, 49 அவங்களுக்கு. தொழிற்சங்கம் எழும்பிச்சு, தேசிய சொத்த விக்கிறாங்க எண்டு கோஷம், 2021 பெப்ரவரியில அமைச்சரவை அத இல்லாமப் பண்ணிச்சு. அந்த வருசமே செப்டம்பர்ல மேற்கு முனையம் எண்டு இன்னொரு ஒப்பந்தம், 35 வருசம், அதுல இந்தியாவின்ட அதானிக் கொம்பனிக்கு 51, உள்ளூர் ஜோன் கீல்ஸுக்கு 34, துறைமுக அதிகார சபைக்கு 15. கிழக்கில 51 வெச்சிருக்க வேண்டியவங்க மேற்கில 15 வெச்சிருக்கிறம், கோஷம் போட்ட ஆக்கள் வெண்டிட்டம் எண்டாங்க. மேற்கு முனையம் 2025 ஏப்ரல்ல வேலையத் தொடங்கிட்டுது, 20 மீற்றர் ஆழம், பெரிய கப்பல் எல்லாம் வரும், கட்டினது நல்ல தரம் எண்டு துறைமுகத்தில வேல செய்ற நண்பர்மாரும் சொல்றாங்க. முனையம் கெட்டது எண்டு நான் சொல்லேல்ல. கையெழுத்த மாத்தினவன் அடுத்த மேசைக்குப் போகேக்க பேரம் பேசுற பலம் குறையும் எண்டுறதத்தான் சொல்றன்.

மன்னார் காத்தாலையயும் விட ஏலாது, ஏனெண்டா அது மறுபக்கம். மன்னாரிலயும் பூநகரியிலயும் 484 மெகாவொட், அதே அதானி, டெண்டர் இல்லாமக் குடுத்தாங்க, யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சதம், 20 வருசம். புது அரசாங்கம் வந்து விலையத் திரும்பக் கதைக்க வேணும் எண்டு சொல்ல, 2025 பெப்ரவரியில அவங்க விலகிட்டாங்க. முதலீட்டாளர விரட்டிட்டாங்க எண்டு பிஸ்னஸ் பக்கம் எல்லாம் ஒப்பாரி. அதுக்குக் கொஞ்ச நாளைக்குப் பிறகு மன்னாரிலயே 50 மெகாவொட்டுக்குப் போட்டி டெண்டர்ல ஒரு உள்ளூர்க் கொம்பனி 4.65 சதத்துக்கு எடுத்துது. ரெண்டும் ஒரே அளவு ப்ரொஜெக்ட் இல்ல, லைன் செலவு அது இது எண்டு வித்தியாசம் இருக்கும், ஆனாலும் கிட்டத்தட்டப் பாதி விலை எண்டா அது சின்ன வித்தியாசம் இல்ல. அப்ப பிழை ஒப்பந்தத்தக் கேள்வி கேட்டதில இல்ல, டெண்டர் கேக்காமக் கையெழுத்துப் போட்டதில. டெண்டர் இல்லாமக் குடுத்தது அடுத்த தேர்தலத் தாண்டி நிக்கும் எண்டு நம்ப ஏலாது, அது முதலீட்டாளருக்கும் தெரியும், அதனாலதான் அவசரமா லாபத்த எடுக்கப் பாக்கிறான். அதோட மன்னார்ச் சனத்தையும் ஒருக்காக் கேளுங்க. விலை பாதியாக் குறைஞ்ச அந்தச் சின்னத் திட்டத்துக்கும் அங்க போராட்டம் நடந்தது, தண்ணி ஓடுற வழி அடைபடுது, பறவை வாற பாதை போகுது எண்டு. கொழும்பில மலிவா வாங்கினம் எண்டுறது மன்னார்ல ஒருத்தருக்கும் ஆறுதல் இல்ல.

சரி, ஏன் துறைமுகத்துக்கு ஆள் வாறான், ரோட்டுக்கு வாறானில்ல? இத உங்கட ப்ரசென்டேஷன்ல சொல்லவே மாட்டீங்க. துறைமுகம் உழைக்கிறது டொலர்ல, கப்பல்காரன் டொலர்லதான் கட்டுறான். அதால 1999ல எஸ்.ஏ.ஜி.டி. முனையம், பிறகு சி.ஐ.சி.டி. முனையம், இப்ப மேற்கு முனையம் எண்டு வரிசையா வந்துது. நெடுஞ்சாலையில நாங்க கட்டுற டோல் ரூபாயில. ரோட்டுப் போடக் கடன் எடுக்கிறது டொலர்ல. 2022ல நடந்த மாதிரி ரூபா ஒருக்கா விழுந்தா அந்தக் கொம்பனி முடிஞ்சுது. அதனால ரோட்டுக்கு வாற வெளிநாட்டுக்காரன் ஒண்டுல டொலருக்குப் பொருத்தின டோல் கேப்பான், இல்லாட்டி வாகனம் வராட்டியும் நீ காசு தர வேணும் எண்டு திறைசேரி உத்தரவாதம் கேப்பான். ரெண்டாவதக் குடுத்தா அது கடன்தான், வேற பேர்ல. கணக்குப் புத்தகத்தில இண்டைக்கு இருக்காது, பத்து வருசத்தால வரும். அப்பிடி ஒண்டக் குடுக்கப் போறீங்க எண்டா குடுக்கிற அண்டைக்கே எவ்வளவு எண்டு நாடாளுமன்றத்தில வெச்சுக் குடுங்க.

உள்ளூர்க் காசு இல்லையா எண்டா இருக்கு. ஊழியர் சேமலாப நிதி, ஈ.பி.எஃப்.ல மட்டும் நாலு டிரில்லியன் ரூபாவுக்கு மேல கிடக்குது, அது பெரும்பாலும் அரசாங்கக் கடன் பத்திரம், பொண்ட்டிலதான், 2023 உள்ளூர்க் கடன் மறுசீரமைப்பில அந்த பொண்ட்டின்ட வட்டி வெட்டுப்பட்டது எங்களுக்கு மறக்கேல்ல, அது எங்கட வேர்வைக் காசு. நீண்டகாலக் காசுக்கு நீண்டகால ரோட்டு, தண்ணித் திட்டம் பொருந்தும், கணக்கு சரிதான். ஆனா பில் குடுக்காத, நடுவில நிப்பாட்டுற, டெண்டர் இல்லாமக் குடுக்கிற பழக்கத்த வெச்சுக்கொண்டு எங்கட ஓய்வூதியக் காசத் தொடாதீங்க. பழக்கத்த மாத்திப்போட்டு வாங்க, பிறகு கதைப்பம்.

2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்து போனதுக்குப் பிறகு இது அவசரமாவும் ஆகிட்டுது. 600க்கு மேல உயிர் போச்சு. கொலன்னாவைப் பக்கம் எங்கட சைட்டில வேல செய்ற பிள்ளையளின்ட வீடுகளுக்குள்ள களனித் தண்ணி. மலைநாட்டு ரயில் பாதை எத்தின இடத்தில தொங்கிக்கொண்டு கிடந்துது, பாலங்கள் போச்சு. நேரடிச் சேதம் மட்டும் 4.1 பில்லியன் டொலர் எண்டு உலக வங்கி மதிப்பிட்டுது, அதுல பெரிய பங்கு ரோட்டு, பாலம், ரயில், தண்ணி. இதெல்லாம் திரும்பக் கட்ட ஒரே நேரத்தில மெட்டல் வேணும், மணல் வேணும், தார் வேணும், கம்பி வேணும். அவசரம் எண்டு சொல்லி க்வாரிக்குக் கண்ண மூடிக்கொண்டு லைசன்ஸ் குடுத்தா, அடுத்த மழைக்குச் சரியப்போற மலைய இண்டைக்கு நாங்களே வெடி வெச்சு வெட்டுறம். அவசரம் எண்டு சொல்லி டெண்டர் இல்லாம வேல குடுத்தா அதுவும் ஒரு சரிவுதான், அதுல யார் யார் சறுக்கி மேல ஏறுவாங்க எண்டு எங்களுக்குத் தெரியும். பழைய மதகு இருந்த அதே இடத்தில அதே அகலத்துக்குத் திரும்பப் போடாதீங்க எண்டும் சொல்ல வேணும். ஐம்பது வருசத்துக்கு முந்தின மழைக் கணக்குக்குப் போட்ட மதகு இந்த மழைக்கு அடைச்சுத்தான் நிக்கும், நாங்க பி.ஓ.கியூ.வில "பழையபடி" எண்டு ஒரு வரியப் பாத்து விலை போட்டுக்கொண்டுதான் இருப்பம்.

என்ன வேணும் எண்டு கேட்டா, பெருசா ஒண்டும் இல்ல. மாதம் ஒருக்கா எந்தத் திணைக்களம் எந்தக் கொன்ட்ராக்டருக்கு எவ்வளவு காசு, எத்தின நாளா நிலுவை எண்டு ஒரு லிஸ்ட் வெளியில போடுங்க. 56 நாளத் தாண்டினா வட்டி கேக்காமலே சேர வேணும், கேட்டாத்தான் தருவம் எண்டு வெச்சா ஒருத்தரும் கேக்கமாட்டான் எண்டு உங்களுக்குத் தெரியும். காசு கையில இல்லாத வேலைக்கு அடிக்கல் நாட்டாதீங்க, 2025 பட்ஜெட்டில மூலதனச் செலவுக்கு உள்நாட்டு உற்பத்தியில 4 வீதம் எண்டு ஒதுக்கினீங்க, ஒதுக்கினத முதல்ல பாதியில கிடக்கிறதுக்குப் போடுங்க. பி.பி.பி. ஒப்பந்தம் கையெழுத்தானா, வணிக ரகசியம் எண்டு சொல்லி மூடாம, எவ்வளவு காலம், யாருக்கு எத்தின வீதம், அரசாங்கம் என்ன உத்தரவாதம் குடுத்தது எண்ட பக்கங்களயாவது திறந்து வையுங்க. திறந்து வெச்ச ஒப்பந்தத்த அடுத்த அரசாங்கம் கிழிக்கிறது கஷ்டம். ஏற்கெனவே கையெழுத்தானத நிப்பாட்டுறது எண்டா, நிப்பாட்டினா எவ்வளவு நட்டம் எண்டு எழுதின ஒரு பேப்பர் அமைச்சரவைக்குப் போகாம நிப்பாட்ட ஏலாது எண்டு ஒரு விதி வையுங்க. எல்.ஆர்.டி.க்கு அப்பிடி ஒரு பேப்பர் அந்தக் கடிதத்துக்கு முதல் போயிருந்தா எண்டு நான் கனநாள் யோசிச்சிருக்கிறன்.

மணலுக்கும் மெட்டலுக்கும் அஞ்சு வருசத்துக்காவது மாறாத ஒரு கொள்கை வேணும். அது மேல சொன்ன எல்லாத்தையும்விட மலிவு, ஆனா அரசியல்ல கஷ்டமானது அதுதான் எண்டும் தெரியும், டிப்பருக்குப் பின்னால யார் யார் நிக்கிறாங்க எண்டு தெரியாம நாங்க சைட் ஓட்டேல்ல.

அடுத்த மாநாட்டுக்கு ஸ்லைட் செய்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள். கையெழுத்துப் போட்ட அரசாங்கம் மாறினாலும் கடைசிவரைக்கும் ஓடி முடிஞ்ச, பில் எல்லாம் நேரத்துக்குக் கட்டின திட்டங்களின்ட பேர்கள ஒரு ஸ்லைட்டில போடுங்க. அந்த லிஸ்ட் எவ்வளவு நீளம் எண்டு வந்திருக்கிறவங்க பாக்கட்டும், நாங்களும் பாக்கிறம்.

போன வருசத்து வேல ஒண்டின்ட கடைசி பில்லும், பில்லுல பிடிச்சு வெச்ச ரிடென்ஷன் காசும் உங்கட பக்கம்தான் இன்னும் கிடக்குது. வாற கிழமை திரும்ப வருவன், எக்கவுண்ட்ஸ் கவுண்டருக்கு.

இப்படிக்கு,
கொழும்பில இருந்து ஒரு கியூ.எஸ்.